ஒரு கிராம் இரும்பு

ஒரு கர்ப்ப காலத்துக்குப் பெண்ணின் உடல் கேட்கும் இரும்புச்சத்து ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, தாயின் உடம்பில் கூடுதலாக ஊறும் ரத்தத்துக்கு 500, அன்றாடம் தோல் வழியாகவும் குடல் வழியாகவும் கழிவது 200. மொத்தம் ஒரு கிராம். இந்த ஒரு கிராமைத்தான் நம்மால் இன்னும் முழுசாகக் கொடுக்க முடியவில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய 2015-16 ஆய்வில் அது 44.4 சதவீதம். ஆஸ்பத்திரி வாசல்வரை எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வருகிற உடம்பில் பாதிக்குப் பாதி ரத்தம் குறைந்த உடம்பு.

"கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்வது தப்பில்லை, ஆனால் கணக்கு ஒத்துவராது. கர்ப்பத்தின் பின்பாதியில் ஒரு நாளைக்குச் சுமார் 6 மி.கி. இரும்பு ரத்தத்தில் சேர வேண்டும். 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது நாலரை மி.கி. அளவு. சோறும் பருப்பும் காயுமான நம் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது அதில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்று வைத்தால், அந்த 6 மி.கி.க்குத் தினம் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கீரை வேண்டும். ரத்தம் ஏறாத பெண்ணைப் பார்த்து "ஒழுங்காச் சாப்பிடலை" என்று கடிந்துகொள்வது அநியாயம். அவள் எவ்வளவு சாப்பிட்டாலும் தட்டில் அவ்வளவு இரும்பு கிடையாது.

அதனால்தான் சத்து மாத்திரை. ஒரு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள். பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால் ஒரு மாத்திரைக்கு 6 மி.கி.; 180 மாத்திரைக்கு 1,080 மி.கி. தேவையும் வரவும் கிட்டத்தட்ட நேராகிவிடும். அரசு சுகாதார நிலையத்தில் இது இலவசம். ஆனாலும் அதே 2019-21 ஆய்வில், இந்திய அளவில் 180 நாள் சாப்பிட்ட தாய்மார் 26 சதவீதம் பேர். 100 நாளாவது சாப்பிட்டவர்கள் 44.1 சதவீதம். 100 நாளோடு நிறுத்தினால் வரவு 600 மி.கி. மட்டுமே.

ஏன் நிறுத்துகிறார்கள்? குமட்டும், மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும். பயந்துபோய் அட்டையை அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். கறுத்துப் போவது கெடுதல் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். சாப்பிடுகிறவர்களிலும் பலர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு ஒரு டம்ளர் பாலோ டீயோ குடித்துவிடுகிறார்கள். கால்சியமும் பாலும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். டீ பாதிக்கு மேல் தடுத்துவிடும். மாத்திரை போட்ட கணக்கு இருக்கும், எச்.பி. (ஹீமோகுளோபின்) ஏறாது. எலுமிச்சைச் சாறோடு ஒரு வேளை, கால்சியம் வேறொரு வேளை என்று பிரித்துக்கொண்டால் போதும். வரிசையில் நூறு பேர் நிற்கும் செக்கப் நாளில் நர்சம்மாவுக்கு இதைச் சொல்ல எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதுதான் என் கவலை.

இந்த ரத்தக் குறை உயிரைத் தொடுவது பிரசவ நேரத்தில். சுகப்பிரசவத்தில் 500 மில்லி ரத்தம் போனாலே அதை அதிக ரத்தப்போக்கு என்கிறார்கள். எச்.பி. 12 இருக்கிற பெண் அதைத் தாங்கிக்கொள்வாள். 7இல் இருக்கிறவளுக்கு அதே அரை லிட்டர் உயிராபத்து. 2018-20இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19, அசாமில் 195. 2004-06இல் நம் எண் 111. பாதியாகக் குறைத்தது பெரிய காரியம், செவிலியர்களின் உழைப்பு அதில் நிறைய. ஆனால் 54க்கும் 19க்கும் நடுவே இருப்பவர்களும் யாரோ ஒரு வீட்டுப் பெண்கள்தான்.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்ததே. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய்: 14,000 ரொக்கம், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். நூறு நாள் வேலையின் 2025-26 கூலியான 336 ரூபாயால் வகுத்தால் அந்த ரொக்கம் 42 நாள் கூலிக்குக் கூட எட்டாது. மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு. அமைப்புசார்ந்த தனியார் நிறுவனத்தில் சட்டப்படி 26 வாரம். அந்த விடுப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, அது நியாயமானதே. ஆனால் களையெடுக்கிறவளின் உடம்பும் அதே ஒரு கிராமைத்தான் கேட்கிறது. ரத்தம் ஊறவும் குழந்தைக்குப் பால் கொடுக்கவும் அவளுக்குக் கிடைப்பது ஆறு வாரக் கூலி.

இன்னொன்று, இந்த இரும்புக் கடன் கர்ப்பத்தில் தொடங்குவதில்லை. மாதவிடாயில் 30 முதல் 40 மில்லி ரத்தம் போனால் 15 முதல் 20 மி.கி. இரும்பு போகிறது; வருஷத்துக்கு 180 முதல் 240. அதே 2019-21 ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதே வயது ஆண்களில் 25 சதவீதம். உடலியல் வித்தியாசம் மட்டுமல்ல இது. குழம்பின் அடியும் ஒரு பிடிச் சோறும் மிஞ்சினால் சாப்பிடுகிறவள் யார் என்பதும் சேர்ந்தது.

பள்ளியில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை கொடுக்கும் திட்டம் இங்கேதான் உதவுகிறது. 52 மாத்திரை, ஒன்றுக்கு 6 மி.கி. வீதம் 312 மி.கி. மாதவிடாயில் போவதை ஈடுகட்டி மிச்சமும் பிடிக்கலாம். படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு அங்கன்வாடியில் அதே மாத்திரை உண்டு. ஆனால் காலையில் பனியன் கம்பெனி வேனில் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறவள் அங்கன்வாடி திறந்திருக்கும் நேரத்தில் ஊரில் இருப்பதில்லை. அவளுக்கான 52 மாத்திரையை வேன் நிற்கிற இடத்தில், மாலையில், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.