அரசு அப்பீல் செய்யவில்லை, தண்டனையும் உயரவில்லை

புதுடெல்லி: மும்பை பாந்த்ரா கார்ட்டர் சாலையில் 2006 நவம்பர் 12 அதிகாலை, நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது அலிஸ்டர் பெரெரா ஓட்டிய கார் ஏறியதில் 7 பேர் பலியாயினர். 2007 ஏப்ரலில் செஷன்ஸ் நீதிமன்றம் விதித்தது வெறும் 6 மாதச் சிறை. செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமென்று தீர்ப்பளித்து அதை 3 ஆண்டாக்கியது.

பெரெராவின் மேல்முறையீட்டை 2012 ஜனவரியில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், 3 ஆண்டும் மிகக் குறைவே எனக் கூறியது. ஆனால் கூட்டவில்லை. கேட்க வேண்டிய மகாராஷ்டிர அரசு அப்பீல் செய்யவில்லை என்பதே காரணம்.

பாதிக்கப்பட்டோர் தாமே கேட்க முடியாதா? விடுதலை, சிறிய குற்றப்பிரிவு, போதாத இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்து மட்டுமே அவர்கள் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை போதாது என முறையிடும் உரிமை அரசுக்கே. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே.