மஞ்சட் பூவும் கைப்பேசியும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோரச் சரிவுகளில் மஞ்சட் பூக்களுடன் பாய் விரித்தாற்போற் படர்ந்து கிடக்கும் செடியொன்றை யாவரும் கண்டிருப்பர். அது மஞ்சள் கரிசலாங்கண்ணிதானா? ஆம் என்று கருதிக் கீரைக்குப் பறிப்பவருக்கு இவ்வினா சிறியதன்று.

படத்தைக் கொண்டு செடியின் பெயரைக் கூறும் செயலிகள் இன்று பல உள. பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் 2013இல் வெளியிட்ட பிளான்ட்நெட் அவற்றுள் ஒன்று. முன்னரே பெயரிடப்பெற்ற ஏராளமான படங்களிற் பயின்ற அச்செயலி, நாம் எடுத்த படம் எவ்வெச் செடியை ஒத்துள்ளது என்பதை மதிப்பிட்டு, பெயர்களை வரிசையாக நிறுத்துகிறது. முதலில் நிற்பது முடிந்த முடிபன்று, கணிப்பேயாகும்.

நம் சாலையோரச் செடி பெரும்பாலும் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்டது. பெயரின் பிற்பகுதிக்கு ‘மூன்று மடலுடையது’ என்பது பொருள். இலையைக் கண்டால் பொருத்தம் விளங்கும். சித்த மருத்துவர் கூறும் மஞ்சள் கரிசாலையோ ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் இராது. இரண்டும் ஓரினத்துப் பங்காளிகள். ஆதலின் பூவை மட்டும் படமெடுத்துக் காட்டினால் செயலியும் மயங்க இடமுண்டு. பூ, இலை, தண்டு என ஒரே செடியின் உறுப்புகளைத் தனித்தனியே, அருகில் நின்று எடுத்துக் காட்டல் வேண்டும். இளந்தளிரில் மடல் தெளிவாக இராது. முற்றிய இலையே நன்று.

தமிழ்ப் பெயரை மட்டும் நம்புதலும் இடர்தான். வெள்ளைப் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணி எக்லிப்டா என்னும் வேறோர் இனத்தது. இலத்தீன் இருசொற்பெயர் முறையை லின்னேயசு 1753இல் செடிகள் அனைத்துக்கும் ஒருசேர வழங்கியது இத்தகைய மயக்கத்தைக் குறைக்கப் பெரிதும் உதவியது.

படம் வடிவத்தை மட்டுமே காட்டும். தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் பகுத்தது வயிரம் புறத்ததா அகத்ததா என்பது கொண்டு. அதனைக் கைப்பேசி எங்ஙனம் காணும்? வெள்ளைக் கரிசாலையின் இலையைக் கசக்கினால் சாறு கறுக்கும். அதுவும் படத்தில் வாராது. சிங்கப்பூர்ப் பூங்காக்களில் இலை பறிக்கத் தடையுண்டு. வீட்டுத் தொட்டியில் தானே முளைத்ததைக் கசக்கிப் பார்க்கத் தடையில்லை.

வகுப்பிற் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள், செயலியைத் திறக்குமுன் இலை எதிரெதிரா மாற்றடுக்கா, விளிம்பு பல்லுடையதா, பூவின் நிறம் யாது என்பவற்றை மாணாக்கர் தமிழில் எழுதிவைக்கச் செய்க. செயலி கூறும் பெயரை அதன் பின்னர் அக்குறிப்போடு ஒப்பிடலாம்.