புல்மோட்டையிற் பயணியின் சிறுமொழி

அயல்மொழிப் பிரதேசமொன்றிற் சில நாள் தங்கும் பயணிக்கு எவ்வளவு மொழி தேவை? விலை கேட்கவும், வழி விசாரிக்கவும், பணிவுடன் மறுக்கவும் சிற்சில சொற்கள் போதும் என்பது பொதுவான எண்ணம். அச்சொற்களுக்கு முன்னர்க் கற்கவேண்டியது விளியே என்பது நமது கருத்தாகும்.

திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. மேற்கே சிங்களக் குடியேற்றப் பகுதியான பதவியா உள்ளது. 1957இல் நிறுவப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனத்தின் தொழிலும் வெளியூராரை இங்கு வரச் செய்தது.

இங்கு வரும் சிங்களப் பயணிக்குத் தமிழ் முற்றிலும் அந்நியமானதன்று. கடை அவருக்குக் ‘கடே’, பாலம் ‘பாலம’, அக்கா அக்காவே. ‘கீயத’ என்பதற்கு ‘எவ்வளவு’, ‘வத்துர’ என்பதற்குத் ‘தண்ணீர்’, ‘எபா’ என்பதற்கு ‘வேண்டாம்’ என ஒரு பஸ் பயணத்துள் மனனஞ் செய்துவிடலாம். இடர்ப்பாடு விளியிலேயே உண்டு. முதியவரை ‘நீ’ என்றழைத்தால், ஏனைய சொற்கள் திருத்தமாயிருந்தும் பயனில்லை. ‘காக்கா’, ‘ராத்தா’ எனத் தொடங்குபவரின் இலக்கண வழுக்களை எவரும் பொருட்படுத்தார். உறவுச்சொற்களிலும் விழிப்பு வேண்டும். ‘தாத்தா’ சிங்களத்தில் தந்தை, தமிழகத்திற் பாட்டன், இலங்கை முஸ்லிம்கள் பலரிடையே மூத்த சகோதரி.

இந்நிலை நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வியட்நாமிய மொழியில் வினைகள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் திரிவதில்லை. ஆயினும் அதன் வட வழக்கில் ஆறு தொனிகள் உள. ‘மா’ என்னும் ஓரசை, தொனி மாறப் பேயையும் குதிரையையும் நெல் நாற்றையும் சுட்டும். தொனி தவறிய பயணிக்குச் சூழல் கைகொடுக்கக்கூடும். விளி தவறியவருக்கு அவ்வுதவி அரிது. ‘நான்’, ‘நீ’ என்பவற்றின் இடத்தில் அங்கு அண்ணன், அக்கா, தம்பி முதலிய உறவுச்சொற்களே பெரிதும் வழங்குவதால், எதிரிலிருப்பவரின் வயதைக் கணித்த பின்னரே பேச்சைத் தொடங்கவேண்டும். தமிழருக்கும் சிங்களவருக்கும் இது எளிதில் விளங்கக்கூடிய முறையே.

1956இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று; 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் தந்த சமத்துவம் கடைத்தெருவுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. தமிழ் பேசுவோர் பலர் சிங்களங் கற்றது அலுவலக வாயிலிற் காரியம் நிறைவேறுதற்கே. அவர்களுக்கு அது பிழைப்பின் நிர்ப்பந்தம். பயணி விரும்பிக் கற்கும் பத்துத் தமிழ்ச் சொற்கள் இச்சமனின்மையைத் தீர்த்துவிடா. எனினும், மொழி கற்கும் சுமை இரு தரப்பினருக்கும் உரியது என்பதை அவை ஒப்புக்கொள்கின்றன. எனவே, பயணிகளுக்கான கைந்நூல்கள் விளியிலிருந்து தொடங்குதல் வேண்டும். அவ்விளியும் அந்தந்த ஊரின் வழக்காக இருத்தல் வேண்டும்.