விலைமனு கைநழுவும்போது

  

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்றலில் அமர்ந்திருந்தேன். எமது ஊர் இளைஞர் ஒருவர் அருகே வந்து அமர்ந்தார். அவர் வீட்டு முற்றங்களுக்குப் புல் பதித்தல், இன்டர்லொக் கல் பதித்தல், செடி நடுதல் ஆகிய வேலைகளைக் கொந்தராத்து அடிப்படையில் செய்பவர். பத்தரமுல்லை, மாலபே போன்ற, கொழும்பை அண்டிய பகுதிகளில் புதிய வீடுகள் எழும் இடமெல்லாம் அவருக்குத் தொழில் உண்டு. அன்று அவரது முகம் வாடியிருந்தது.

"மௌலவி, இத்தோடு ஏழாவது கொட்டேசனும் போய்விட்டது. நான் புல்லுக்கு அடியில் 3 அங்குலம் மண் போடக் கணக்குப் பார்க்கிறேன். மற்றவர்கள் ஒன்றரை அங்குலத்தோடு முடித்துவிடுகிறார்கள். புல்லை விரித்த பின்னர் அடியில் எவ்வளவு மண் என்று யாருக்குத் தெரியப்போகிறது? நானும் அப்படிச் செய்தால் என்ன?" என்றார்.

அவர் என்னிடம் கேட்டது மார்க்கத் தீர்ப்பு அன்று. பேசியது 3 அங்குலம், போட்டது ஒன்றரை அங்குலம் என்றால் அதற்குப் பெயர் மோசடி என்பதை மத்ரஸாவுக்குப் போகாதவரும் அறிவார். திரும்பத் திரும்பத் தோற்ற களைப்பே அவரை அவ்வாறு பேச வைத்தது. ஹலாலான தொழிலில் இறங்கிய எமது பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த இடத்தில் கால் வழுக்குகின்றனர் என்பதை எண்ணியே இக்கட்டுரையை எழுதலானேன்.

முதலில் அவரது கணக்கைச் சற்று நோக்குவோம். 2,000 சதுர அடி முற்றம் ஒன்று. அதாவது ஏழு பேர்ச்சஸுக்குச் சற்று அதிகம். அதன்மீது 3 அங்குலம் மண் பரப்ப 500 கன அடி மண் வேண்டும். லொறிக்காரர்கள் 100 கன அடியை ஒரு கியூப் என்பர். ஆகவே 5 கியூப். ஒன்றரை அங்குலம் என்றால் இரண்டரை கியூப் போதும். மண்ணின் விலை, லொறிக் கூலி, கூடையில் அள்ளிப் பரப்பும் கூலி யாவும் அப்படியே பாதியாகிவிடும். விலைமனுவில் தெரியும் வித்தியாசத்தின் பெரும் பங்கு இதுதான்.

இதன் விளைவு என்ன? புதிய வீட்டு முற்றத்தின் அடியில் கட்டட வேலைக்காரர் விட்டுச் சென்ற சீமெந்துக் கட்டியும் செங்கல் துண்டும் கிடக்கும். மெல்லிய மண்ணில் பதித்த புல்லின் வேர் கீழே இறங்க இடமின்றித் தவிக்கும். மழை உள்ளவரை பச்சை பசேல் என்றிருக்கும். மழை ஓய்ந்து முதல் வெயில் அடித்ததும் திட்டுத் திட்டாகப் பழுத்துவிடும். வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைக்கும்போது குறைந்த விலைக்குச் செய்தவரின் இலக்கம் மாறியிருக்கும்.

இவ்வளவையும் அந்த இளைஞர் எனக்கு அழகாக விளக்கினார். "இதனை அந்த வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா? உங்கள் விலைமனுவைக் காட்டுங்கள்" என்றேன். அவர் தமது தொலைபேசியைத் திறந்து வட்ஸ்அப் செய்தி ஒன்றைக் காட்டினார். "புல் பதித்தல், மண்ணுடன், மொத்தம் இவ்வளவு" என்ற ஒரே வரி. "இதில் 3 அங்குலம் எங்கே தம்பி?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

சகோதரர்களே! வீட்டுக்காரரின் கையில் இரு தாள்கள். இரண்டிலும் "புல் பதித்தல்" என்று ஒரே சொல். ஒன்றில் தொகை அதிகம், மற்றதில் குறைவு. அவர் எதனைத் தெரிவு செய்வார்? இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது அவருக்கு எவ்வாறு தெரியும்? அவரைக் கஞ்சர் என்று ஏசுவதில் நியாயம் இல்லை. நம்மவர் தமது நேர்மையைத் தமது மனதிலேயே வைத்துக்கொண்டார், தாளில் எழுதவில்லை.

அல்குர்ஆனில் அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் செய்துகொண்ட தொழில் ஒப்பந்தம் ஒன்று கூறப்படுகின்றது. அந்த வரலாற்றை நாம் பல தடவைகள் பயான்களில் கேட்டிருப்போம். ஆனால் அதனை ஓர் ஒப்பந்தமாக வாசிப்பவர் குறைவு. அங்கே எட்டு ஆண்டுகள் என்பது கடமை. பத்தாகப் பூர்த்தி செய்வதாயின் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். கட்டாயம் எது, மேலதிகம் எது என்பது தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. வேலை கொடுக்கும் பெரியவரோ, சிரமப்படுத்தத் தாம் விரும்பவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுகின்றார். தோட்ட வேலையில் எழும் சண்டைகளில் பாதி, இந்தப் பிரிவைச் செய்யாமையால் வருபவை. "அந்த மூலையில் இரண்டு பனை வகைச் செடியும் வைத்துத் தருவீர்கள் என்று நினைத்தேன்" என்பார் வீட்டுக்காரர். "அது இந்தத் தொகைக்குள் இல்லையே" என்பார் நம்மவர். நினைத்தது இருவருக்கும் வெவ்வேறு. எழுதியது ஒன்றும் இல்லை.

ஆகவே புல்லின் வகை, மண்ணின் கனம், கட்டட இடிபாடுகளை அள்ளி அகற்றுவது யார், தண்ணீர் ஊற்றுவது யார், பதித்த புல் பட்டுப்போனால் எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவீர்கள் என்பனவற்றைத் தமிழிலோ சிங்களத்திலோ எளிய வரிகளில் எழுதுங்கள். இந்த விலை எத்தனை நாட்களுக்குச் செல்லும் என்பதையும் எழுதுங்கள். 2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கி, 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைக் கடந்தது. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. பெப்ரவரியில் வாயால் சொன்ன விலைக்கு மே மாதத்தில் வேலையைச் செய்யுமாறு கேட்கப்பட்டவர்கள், ஒன்று நஷ்டப்பட்டார்கள், அல்லது வாக்கு மாறியவர் என்ற பெயரைச் சுமந்தார்கள். "14 நாட்களுக்கு மட்டும்" என்ற ஒரு வரி அவர்களைக் காத்திருக்கும்.

இவ்வளவையும் எழுதிய பின்னரும் விலைமனுக்கள் தோற்கவே செய்யும். அது இழிவன்று. நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலத்தில் விற்ற சம்பவத்தை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும் ஏலம் ஆகுமானது என்பதற்கு இமாம்கள் அதனை எடுத்துக்காட்டுவர். அதில் ஒருவர் ஒரு திர்ஹத்திற்குக் கேட்டார். மற்றொருவர் இரண்டு திர்ஹத்திற்குக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அந்த இரண்டு திர்ஹத்தில் ஒன்றைக் கொண்டு கோடரி வாங்கி விறகு வெட்டிய அந்த அன்ஸாரியைப் பற்றியே நாம் பேசுவோம். எனக்கோ, ஒரு திர்ஹம் கேட்டுத் தோற்றுப்போன அந்த மனிதர்மீதும் ஒரு கண். அவரை யாரும் குறை கூறவில்லை. கேட்டார், கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்வேன். கொடுக்கின்ற விலைமனு ஒவ்வொன்றும் உங்களுக்கே கிடைக்கின்றதா? மகிழ வேண்டாம். கணக்கில் எதனையோ விட்டிருக்கின்றீர்கள். உங்கள் சொந்த உழைப்பின் கூலியை, அல்லது பழுதாகும் புல்வெட்டும் இயந்திரத்தின் செலவை நீங்கள் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

தோற்ற பின்னர் செய்யக் கூடாத ஒன்று உண்டு. வேலை மற்றவருக்கு முடிவாகிவிட்டது என்று அறிந்ததும் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, "நான் பத்தாயிரம் குறைத்துச் செய்து தருகிறேன்" என்பது. ஒரு சகோதரரின் வியாபாரத்தின்மேல் வியாபாரம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏலத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இரு தரப்பும் உடன்படாதவரை பலரும் கேட்கலாம். உடன்பட்ட பின்னர் இடையில் நுழைவதே தடை என்று பிக்ஹ் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். இதைப் போன்றதே நண்பருக்காக எழுதிக் கொடுக்கும் பொய் விலைமனுவும். சில அலுவலகங்கள் மூன்று விலைமனுக்களைக் கேட்கும். "மச்சான், உன்னுடைய லெட்டர்ஹெட்டில் கூடின விலை ஒன்று போட்டுத் தா" என்பர். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் நஜஷ் தடுக்கப்பட்டதன் காரணம் மற்றவரை ஏமாற்றுவது. செய்யும் எண்ணமின்றி விலை எழுதிக் கொடுப்பதிலும் அதே ஏமாற்று இருக்கின்றது. இது எமது சமூகத்தில் உதவி என்ற பெயரில் நடக்கின்றது என்பது வருத்தத்திற்குரியது.

இனி, கடினமான வாடிக்கையாளர்களுக்கு வருவோம். இவர்களில் பலரை, வேலையைத் தொடங்கு முன்னரே இனங்காண முடியும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறுவர். எனக்கு முன் வந்த மூன்று பேரும் கள்ளர்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவர் ஒருவர். நான்காவது கள்ளர் நீங்கள்தான் என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை. இதனை மலிவாகச் செய்து தாருங்கள், பின்னர் பெரிய வேலைகள் தருகிறேன் என்பவர் இன்னொருவர். வரும் பெரிய வேலையை வரும்போது பார்க்கலாம். இன்றைய வேலைக்கு இன்றைய விலையே நியாயம்.

எல்லாரிலும் மனதை நோகச் செய்பவர், வரைபடம் கேட்பவர். இரண்டு மூன்று தடவை வரவழைத்து, எங்கே எந்தச் செடி, எங்கே நடைபாதை, தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்றெல்லாம் வரைந்து வாங்கிக்கொள்வார். பின்னர் அதே தாளை வேறொருவரிடம் கொடுத்துக் குறைந்த விலைக்குச் செய்விப்பார். எமது இளைஞர் தோற்ற ஏழில் இரண்டு இவ்வாறானவை. வரைவதும் உழைப்பே, உழைப்புக்குக் கூலி கேட்பதில் வெட்கம் எதற்கு? முதல் தடவை வந்து பார்ப்பது இலவசம், வரைபடத்திற்கு இவ்வளவு, வேலையை எமக்கே தந்தால் அத்தொகை கழிக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நல்லவர் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாதவர் யார் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

இவ்விடத்தில் முற்பணம் பற்றிய ஒரு சட்டத்தையும் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் பின்வாங்கினால் முற்பணம் முழுவதும் எமக்கே என்று நிபந்தனை இடுவதை எமது ஷாபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பான்மையான அறிஞர்கள் ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹபில் அதற்கு இடமுண்டு. 1993ஆம் ஆண்டு சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் காலவரையறையுடன் அதனை அனுமதித்தது. கருத்து வேறுபாட்டிலிருந்து விலகியிருக்க விரும்புபவருக்கு வழி இலகுவானது. வாங்கிய பொருளுக்கும் செய்து முடித்த வேலைக்கும் உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம்.

விலையைக் குறைக்குமாறு வற்புறுத்துபவரிடம் என்ன செய்வது? விலையைத் தனியாகக் குறைக்காதீர்கள். வேலையையும் அவரது கண்முன்னே குறைத்துக் காட்டுங்கள். "முன்முற்றம் 1,200 சதுர அடியை இப்போது செய்வோம், பின்புறத்தை அடுத்த வருடம் பார்ப்போம்" என்று சொல்லலாம். அவரது பணம் மிஞ்சும், உங்கள் மண் குறையாது. அதற்கும் இணங்காதவரிடம், "இந்த வேலை எங்களுக்குச் சரிவராது, மன்னியுங்கள்" என்று கூறிவிட்டு ஸலாமுடன் விடைபெறுங்கள். உடன்படாதவரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்.

கடினமானது சொந்தக்காரரின் வேலை. "நம்மட பிள்ளைதானே" என்று சொல்லி விலையே பேசாமல் தொடங்கச் சொல்வார்கள். முடிந்த பின்னர் கொடுப்பதை வாங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மாமாவாக இருந்தாலும், பள்ளி நிர்வாகத்தில் உள்ள ஹாஜியாராக இருந்தாலும், ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியைத் தொடுங்கள். அன்பளிப்பாகச் செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். அப்போதும் உங்களோடு வரும் கூலியாட்களின் சம்பளத்தை அன்றன்றே கொடுக்க வேண்டியவர் நீங்கள். அவர்கள் உங்கள் மாமாவுக்கு மருமக்கள் அல்லர்.

பெற்றோர்களே! உங்களிடமும் ஒரு வார்த்தை. அந்த இளைஞர் அன்றிரவு என்னிடம் வந்ததற்கு உண்மையான காரணம் ஏழு விலைமனுக்கள் மட்டுமல்ல. வீட்டில் வாப்பா, "உன்னோடு படித்தவன் கட்டாருக்குப் போய் வீடு கட்டிவிட்டான், நீ இன்னும் புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறாய்" என்றாராம். ஒன்றரை அங்குலம் பற்றிய எண்ணம் அந்தச் சொல்லுக்குப் பின்னரே அவருக்கு வந்தது. வாப்பா நல்லவர்தான், எனக்குத் தெரிந்தவர். மகனின் எதிர்காலம் பற்றிய பயத்தில் பேசியிருக்கின்றார்.

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் வாப்பாவும் மகனும் ஒன்றாக என்னைச் சந்தித்தனர். எட்டாவது விலைமனுவை இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தவர் வாப்பா. தமது காலத்தில் கடை நடத்தியவர் ஆகையால் லொறிக் கூலி இரு தடவை விடுபட்டிருந்ததை அவரே கண்டுபிடித்திருந்தார். அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் தொலைபேசி எடுத்து, குறைந்த விலை கொடுத்த மற்றவரிடம் மண் எத்தனை அங்குலம் என்று தாம் கேட்டதாகவும், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் கூறினாராம்.