அந்த பூஜ்யத்துக்கு யார் பெயர்? – சவிதா புனியா பற்றி ஒரு குறிப்பு

இந்தியா 1, ஆஸ்திரேலியா 0. டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் ஹாக்கி காலிறுதி, 2021 ஆகஸ்ட் 2.

இந்த ஸ்கோரில் இரண்டு எண்கள் இருக்கு, பாருங்க. அந்த 1க்குப் பக்கத்தில் ஒரு பெயரும் நேரமும் பதிவாகியிருக்கும்: குர்ஜித் கவுர், 22ஆவது நிமிடம். 0க்குப் பக்கத்தில் எதுவும் இருக்காது. ஆனால் அன்றைக்கு மேட்சை ஜெயித்துக் கொடுத்ததில் அந்த பூஜ்யத்துக்குப் பாதிப் பங்காவது உண்டு. குரூப் சுற்றில் ஆடிய ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு வந்த அணி ஆஸ்திரேலியா. அன்று அவர்களுக்கு 7 பெனால்டி கார்னர் கிடைத்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. இந்தியாவின் கோல் வாசலில் நின்றவர் சவிதா புனியா.

அடித்த கோலுக்குக் கணக்கு வைக்கிறோம், நிறுத்திய கோலுக்கு வைப்பதில்லை. இந்த ஒரு விஷயம் ஒரு கோல்கீப்பரின் வாழ்க்கையை எப்படியெல்லாம் பாதிக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

எதிரே என்ன வருகிறது?

முதலில் கொஞ்சம் கணக்கு. ஹாக்கி கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கிட்டத்தட்ட 7.8 சதுர மீட்டர். நம்ம வீட்டு ஹாலின் ஒரு பக்கச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

பெனால்டி கார்னர் என்றால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். அங்கிருந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 25 மீட்டர். கோலை அடைய 0.6 நொடிகூட ஆகாது. கண்ணால் பார்த்து, மூளைக்குப் போய், கை அசையத் தொடங்கவே 0.2 நொடி போய்விடும். மிச்சம் இருப்பது 0.4 நொடிதான். அதற்குள் பத்துப் பதினைந்து கிலோ கவசத்தோடு உடம்பை நகர்த்தியாக வேண்டும்.

அப்போ பந்தைப் பார்த்துவிட்டு மட்டும் தடுக்க முடியாது என்று ஆகிறது. அடிப்பவரின் தோள் திரும்பும் விதம், கால் ஊன்றும் இடம், ஸ்டிக்கின் சாய்வு இதையெல்லாம் முன்கூட்டியே படிக்க வேண்டும். அது வருஷக் கணக்கில் அடி வாங்கி வாங்கிச் சேர்கிற அறிவு. அதனால்தான் நல்ல கோல்கீப்பர் உருவாக நாள் ஆகிறது. முன்வரிசையில் ஆடும் பெண் 19 வயதில் ஜொலிக்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வயதில் வாய்ப்பே கிடைக்காமல் போவது சகஜம், ஏனென்றால் அணியில் அந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

பனி ஹாக்கிக்காரர்கள் எப்படி அளக்கிறார்கள்?

இந்த விஷயத்தில் பனி ஹாக்கி ஆடுகிற நாடுகள் நம்மைவிட முன்னால் இருக்கின்றன. அங்கே கோலின் அகலம் 1.83 மீட்டர், நம் ஹாக்கி கோலில் சரிபாதி. உயரம் 1.22 மீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல்கீப்பரை நோக்கி எத்தனை ஷாட் வந்தது, எத்தனையைத் தடுத்தார் என்று எண்ணி, தடுப்பு விகிதம் என்று ஒரு எண்ணை வெளியிடுகிறார்கள்.

அது ஏன் முக்கியம்? இரண்டு கோல்கீப்பர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவரை நோக்கி 20 ஷாட், 2 கோல் விட்டார். இரண்டாமவரை நோக்கி 40 ஷாட், 3 கோல் விட்டார். ஸ்கோரை மட்டும் பார்த்தால் முதலாமவர் மேல். விகிதத்தைப் பார்த்தால் முதலாமவர் 90 சதவீதம், இரண்டாமவர் 92.5 சதவீதம். பலவீனமான அணியில் நிற்கிற நல்ல கோல்கீப்பரைக் கண்டுபிடிக்க இந்த எண் இல்லாமல் வழியே இல்லை.

பின்லாந்தின் நோரா ராட்டி இதற்கு நல்ல உதாரணம். 2006 டுரின் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 16. பெண்கள் பனி ஹாக்கியில் அமெரிக்காவும் கனடாவும்தான் பெரிய கை. அவர்களுக்கு எதிரே பின்லாந்து நின்றால் ஷாட் மழைதான். 2019இல் எஸ்போ நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக ராட்டி 50 ஷாட்டுகளைத் தடுத்தார். கூடுதல் நேரத்தில் பின்லாந்து அடித்த கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, கடைசியில் ஷூட்-அவுட்டில் தோற்றார்கள். ஆனாலும் அந்தத் தொடரின் சிறந்த கோல்கீப்பர் ராட்டிதான். தோற்ற அணியில் நின்றவரின் உழைப்பும் எண்ணாகப் பதிவாகியிருந்தது.

ஜோத்கானிலிருந்து வந்த பெண்

இப்போது சவிதா. 1990இல் பிறந்தவர். ஊர் ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில் ஜோத்கான் என்கிற கிராமம். ஹாக்கி ஆடச் சொன்னவர் தாத்தா. சவிதாவுக்கு ஆரம்பத்தில் அதில் பெரிய ஆர்வம் இல்லை. வீட்டிலிருந்து தள்ளி வந்து தங்கிப் பயிற்சி, மூட்டை மாதிரி ஒரு கிட், அதைத் தூக்கிக்கொண்டு பஸ் பயணம். இவ்வளவு பெரிய மூட்டையை ஏற்ற பஸ் கண்டக்டர்கள் முகம் சுளித்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மனசு மாறியது ஒரு செலவால். மருந்தாளுநராக வேலை பார்த்த அப்பா, மகளின் கிட்டுக்காக சுமார் 20,000 ரூபாய் செலவழித்தார். மாதச் சம்பளக் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நமக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றியதாம்.

2007இல், 17 வயதில் தேசியப் பயிற்சி முகாமுக்குத் தேர்வானார். சீனியர் அணிக்காக முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது 2011இல். நடுவில் நான்கு வருஷம் காத்திருப்பு. 2013 ஆசியக் கோப்பையில் வெண்கலம், 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் வெண்கலம், 2016 ரியோ ஒலிம்பிக். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அதற்கு முன் ஒலிம்பிக்கில் ஆடியது 1980 மாஸ்கோவில்; 36 வருஷ இடைவெளி.

2017 நவம்பரில் ஜப்பானில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி. சீனாவோடு 1-1 சமன், ஷூட்-அவுட்டில் 5-4 வெற்றி. தொடரின் சிறந்த கோல்கீப்பர் சவிதா. ஊர் திரும்பியபோது செய்தியாளர்களிடம் அவர் சொன்ன விஷயம் வேறு: ஒன்பது வருஷமாக வேலை இல்லை, இன்னும் அப்பாவின் சம்பளத்தில்தான் வாழ்கிறேன். ஒலிம்பிக் ஆடிய, ஆசியக் கோப்பை ஜெயித்துக் கொடுத்த 27 வயதுப் பெண்ணின் நிலைமை இது. அர்ஜுனா விருது 2018இல் வந்தது. வேலையும் அந்தப் பேட்டிக்குப் பிறகுதான் வந்தது.

ரியோவும் டோக்கியோவும்

ரியோவில் இந்தியா ஐந்து ஆட்டம் ஆடியது. விட்ட கோல்: ஜப்பான் 2, பிரிட்டன் 3, ஆஸ்திரேலியா 6, அமெரிக்கா 3, அர்ஜென்டினா 5. கூட்டினால் 19. ஆட்டத்துக்கு 3.8. இந்தியாவுக்குக் கடைசி இடம்.

டோக்கியோவில் எட்டு ஆட்டம். நெதர்லாந்து 5, ஜெர்மனி 2, பிரிட்டன் 4, அயர்லாந்து 0, தென்னாப்பிரிக்கா 3, ஆஸ்திரேலியா 0, அர்ஜென்டினா 2, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மறுபடி பிரிட்டன் 4. மொத்தம் 20. ஆட்டத்துக்கு 2.5. நான்காம் இடம்.

இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். டோக்கியோவில் இந்தியா ஜெயித்தது மூன்றே ஆட்டம்தான். அயர்லாந்து 1-0, தென்னாப்பிரிக்கா 4-3, ஆஸ்திரேலியா 1-0. மூன்றும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். எதிலாவது இன்னும் ஒரு பந்து உள்ளே போயிருந்தால் அந்த நான்காம் இடம் என்கிற கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

3.8 எப்படி 2.5 ஆனது என்பதற்கு முழுக் காரணமும் சவிதா என்று சொன்னால் அது பொய். முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் தேறினார்கள், உடல் தகுதி கூடியது, அணியே மாறியது. எவ்வளவு பங்கு யாருக்கு என்று பிரிக்க ஷாட் கணக்கு வேண்டும். வெறும் ஸ்கோரை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. ஆனால் ஆடுகளத்தில் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் சிறந்த பெண் கோல்கீப்பர் விருது 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று முறை சவிதாவுக்குப் போனது.

எட்டு நொடி

கோல்கீப்பரின் பெயர் ஸ்கோரில் வெளிப்படையாகத் தெரிகிற ஒரே இடம் ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு ஓடி வருவார். எட்டு நொடிக்குள் கோல் அடிக்க வேண்டும். எதிரே கோல்கீப்பர் மட்டும்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் அரையிறுதியில் மறுபடி ஆஸ்திரேலியா, 1-1 சமன். முதல் முயற்சியை சவிதா தடுத்துவிட்டார். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை என்று சொல்லி அதைத் திரும்ப எடுக்க வைத்தார்கள். இரண்டாவது முறை கோல். ஷூட்-அவுட்டில் இந்தியா 0-3 என்று தோற்றது. கூட்டமைப்பு பிறகு மன்னிப்புக் கேட்டது. நிறுத்திய ஒரு கோல் கணக்கிலிருந்தே அழிந்து போனதை உலகமே பார்த்தது. இரண்டு நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டம். நியூசிலாந்தோடு ஷூட்-அவுட். ஐந்து முயற்சியில் ஒன்றைத்தான் உள்ளே விட்டார். 2-1 வெற்றி, 16 வருஷம் கழித்து அந்தப் போட்டியில் பெண்கள் ஹாக்கிக்கு ஒரு பதக்கம்.

எல்லாம் வெற்றியாகவே முடியவில்லை. 2024 ஜனவரியில் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட்-அவுட்டில் 3-4. மறுநாள் ஜப்பானிடம் 0-1. ஒரே ஒரு கோலில் பாரிஸ் கைநழுவியது. சில மாதங்களில் கேப்டன் பொறுப்பு சலிமா டேட்டேவிடம் போனது. சவிதா அணியில் தொடர்ந்து ஆடினார்.

நம்ம மலைப்பக்கம் இருந்து பார்த்தால்

இதைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், உண்டு உறைவிடப் பள்ளிகள். செங்குத்தான பாதையில் தினமும் ஏறி இறங்குகிற பிள்ளைகள். கால் வலுவுக்கும் மூச்சுக்கும் அங்கே குறைவில்லை.

ஜோத்கானில் நடந்தது இங்கே நடக்க என்னவெல்லாம் வேண்டும் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால், நான்கு விஷயம் வருகிறது. கிட் வாங்க ஒருவர். மூட்டையோடு பஸ்ஸில் ஏற்றி விட ஒருவர், மாலைப் பயிற்சி முடிந்த பிறகும் ஒரு பஸ். வாய்ப்பு வராத நான்கு வருஷத்தைத் தாங்க ஒரு குடும்பம். வேலை இல்லாத ஒன்பது வருஷத்துக்குச் சோறு. சவிதாவுக்கு இவை நான்கும் ஒரே வீட்டிலிருந்து கிடைத்தன. அப்பாவுக்கு மாதச் சம்பளம் இருந்தது. காட்டு வேலைக்கும் வெளியூர்க் கூலிக்கும் போகிற வீட்டில் இது நடக்குமா? நடக்காது. திறமை இருந்தும் நடக்காது.

கிட் அப்பாவுடையதாக இருக்கக் கூடாது, பள்ளியுடையதாக இருக்க வேண்டும். ஒரு கிட்டை ஐந்தாறு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுப் பழகலாம். விடுதியோடு சேர்ந்த பயிற்சி இருந்தால் பஸ் பிரச்சினை பாதி தீரும். இது முடியாத காரியம் இல்லை. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்றுதான் 2022இல் இந்திய ஆண்கள் அணிக்கு ஆடினார். உதவித்தொகை பதக்கத்துக்குப் பின் வராமல், காத்திருக்கிற வருஷங்களில் வர வேண்டும்.

காசே செலவாகாத ஒன்றும் உண்டு. ஒரு நோட்டு. பள்ளி ஆட்டம் நடக்கும்போது யாராவது ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டே வரட்டும்: வந்த ஷாட், தடுத்தது, விட்டது. எந்த விளையாட்டானாலும் சரி, கால்பந்தோ ஹாக்கியோ. மலைப் பள்ளி அணி 0-5 என்று தோற்றால் தேர்வாளர் கண்ணில் அந்தக் கோல்கீப்பர் ஐந்து விட்டவள். நோட்டில் 22 வந்தது, 17 தடுத்தாள் என்று இருந்தால் அவளே வேறு ஆள். 77 சதவீதம். அந்த ஐந்துக்குப் பின்னால் இருக்கிற பதினேழை யாராவது எழுதி வைத்தால்தான் அடுத்த முகாமுக்கு அவள் பெயர் போகும்.