பதக்கமும் நாக்கும்

மலிவுச் சிவப்பு ஒயின் என்றதும் சுளிப்பது நாக்கா, வர்க்கமா? எனக்கு இது அதிகாரம் பற்றிய கேள்வி. 2004இல் அமெரிக்காவில், லேபிளை மறைத்துச் சுவைத்த ஒரு போட்டியில், 1.99 டாலருக்கு விற்ற சார்லஸ் ஷா ஷிராஸ் இரட்டைத் தங்கம் வாங்கியது. குருட்டு அதிர்ஷ்டம் என்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த நியாயம் விலை உயர்ந்த பாட்டிலுக்கும் பொருந்தணுமில்லையா? ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சி நடுவர்களுக்கு, சொல்லாமலே, ஒரே பாட்டிலிலிருந்து மூன்று தடவை ஊற்றித் தந்தார்கள். மூன்று தடவையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் நின்றவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம்தான். ஆக, பதக்கம் அன்றைக்கு ஒரு மேசையில் உச்சரிக்கப்பட்ட தீர்ப்பு, அவ்வளவே. மலிவு பாட்டிலில் ஒட்டினால் மட்டும் அதைச் சந்தேகிக்கிறோம். மற்றதில் ஒட்டினால் ரசனை என்கிறோம்.