வாக்குப்பதிவு குறைந்தும் வெற்றி வித்தியாசம் உயர்ந்தது எப்படி? நொய்டா காட்டும் புறநகர்த் தேர்தல் கணக்கு

நொய்டா: தலைநகர் டெல்லியை ஒட்டிய நொய்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகி வருகின்றன. ஆனால், தேர்தல் நாளில் வாக்களிக்க வருவோரின் விகிதம் அதற்கேற்ப உயரவில்லை. நொய்டாவை உள்ளடக்கிய கௌதம புத்த நகர் மக்களவைத் தொகுதியில் 2014, 2019 தேர்தல்களில் 60 சதவீதத்தையொட்டி இருந்த வாக்குப்பதிவு, 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் 54 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. அதே தேர்தலில் வெற்றி வித்தியாசமோ முன் எப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்தது.

எண்கள் கூறுவது என்ன?

தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் உருவான இத்தொகுதியில் 2009-இல் பகுஜன் சமாஜ் கட்சி வென்றது. 2014 முதல் மூன்று முறையும் பாரதிய ஜனதா வேட்பாளர் மகேஷ் சர்மா வெற்றி பெற்றார். அவரது வெற்றி வித்தியாசம் 2014-இல் சுமார் 2.80 லட்சம், 2019-இல் சுமார் 3.37 லட்சம், 2024-இல் சுமார் 5.59 லட்சம் வாக்குகள்.

வித்தியாசம் இவ்வளவு உயர்ந்ததால், அவர் பெற்ற வாக்குகளும் அதே அளவில் பெருகின என்று கருதிவிட முடியாது. 2019-இல் அவருக்கு 8.31 லட்சம் வாக்குகளும், 2024-இல் 8.58 லட்சம் வாக்குகளும் கிடைத்தன. மாறியது எதிரணியின் நிலைதான். 2019-இல் கூட்டணியாகப் போட்டியிட்ட சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் 2024-இல் தனித்தனியே களம் கண்டதால், எதிர்ப்பு வாக்குகள் பிரிந்தன.

2024-இல் இங்கு சுமார் 26.75 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர். அவர்களில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களிக்கவில்லை. வெற்றி பெற்றவருக்குக் கிடைத்த வாக்குகளைவிட, பதிவாகாத வாக்குகளே அதிகம்.

நகரமும் கிராமமும்

இந்த மக்களவைத் தொகுதிக்குள் நொய்டா, தாத்ரி, ஜேவர், சிக்கந்தராபாத், குர்ஜா ஆகிய ஐந்து சட்டப்பேரவைத் தொகுதிகள் உள்ளன. 2022 சட்டப்பேரவைத் தேர்தலில் நகர்ப்பகுதியான நொய்டாவில் வாக்குப்பதிவு சுமார் 50 சதவீதம் மட்டுமே. கிராமங்கள் நிறைந்த ஜேவரில் அது 65 சதவீதத்தைத் தாண்டியது. 2012 முதல் நொய்டா சட்டப்பேரவைத் தொகுதி தொடர்ந்து பாஜக வசம் உள்ளது. முடிவு முன்கூட்டியே தெரிந்தது போன்ற நிலையில், ஆதரவாளருக்கும் எதிர்ப்பாளருக்கும் வாக்குச்சாவடிக்குச் செல்லும் ஆர்வம் குறைவது இயல்பு.

பெயர் ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில்

ஆர்வக்குறைவு மட்டுமே காரணம் அன்று. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியில்தான் வாக்காளராகப் பதிவு பெற முடியும். ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பது மட்டும் அதற்குப் போதாது. அதே வேளையில், வாடகை வீட்டில் வசிப்போரும் அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம்.

வேலைக்காகப் பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய பலரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே நீடிக்கிறது. நொய்டாவுக்குள்ளேயே வீடு மாறியவர்களின் பெயர் பழைய முகவரியில் இருந்துவிடுகிறது. அவர்கள் ஊரை விட்டே சென்றுவிட்டால், அந்தப் பெயர்கள் நீக்கப்படும் வரை வாக்குப்பதிவு விகிதம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8-உம், புதிய பதிவுக்குப் படிவம் 6-உம் பயன்படுகின்றன.

வாக்குச்சாவடியைத் தேடி அலையும் சிரமத்தைக் குறைக்க, நொய்டா, காஜியாபாத் பகுதிகளின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்களுக்குள்ளேயே 2024-இல் வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. எனினும், வெயிலும் வார இறுதியையொட்டி வந்த வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொள்ள, அண்டைத் தொகுதியான காஜியாபாத்தில் வாக்குப்பதிவு 50 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

கவுன்சிலர் இல்லாத நகரம்

நொய்டாவுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. 1976-இல் தொழில் நகரமாக உருவாக்கப்பட்ட இதனை, மாநில அரசு அமைத்த ஆணையமே நிர்வகித்து வருகிறது. மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநகராட்சியோ கவுன்சிலரோ இங்கு இல்லை. சாலை, குப்பை, குடிநீர் போன்ற அன்றாடப் பிரச்சினைகளுக்கு வாக்குச்சீட்டின் மூலம் பதில் கேட்கும் உள்ளாட்சித் தேர்தலே நகரவாசிகளுக்குக் கிடையாது. சட்டப்பேரவை, மக்களவைத் தேர்தல்கள் மட்டுமே அவர்களுக்கு உள்ள வாய்ப்பு.

பணம் செலுத்தியும் பத்திரப்பதிவு நடைபெறாத வீடு வாங்கியோர், 'பதிவு இல்லையேல் வாக்கு இல்லை' என்ற முழக்கத்துடன் தேர்தல் காலங்களில் போராடியதும் உண்டு. கோரிக்கையின் பக்கம் கவனத்தை ஈர்க்க இது உதவலாம். ஆனால், புறக்கணிக்கப்பட்ட வாக்கு எண்ணிக்கையில் இடம்பெறாது.

வராதவரின் குரல் எங்கே?

ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். ஆனால், வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20-இல் வெளியிடப்படுகின்றன. ஒரு வளாகத்துக்குத் தனி வாக்குச்சாவடி இருந்தால், அந்த வளாகத்தின் அரசியல் சாய்வும் எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதும் எல்லாக் கட்சிகளுக்கும் தெரிந்துவிடும். அடுத்த தேர்தலுக்கு எங்கே உழைப்பது, யாருடைய குறையைக் கேட்பது என்பதை அந்தக் கணக்கே வழிநடத்துகிறது. எதிர்த்து வாக்களித்தவரின் அதிருப்தி அதில் எண்ணாகப் பதிவாகிறது. வீட்டிலேயே இருந்தவரின் மௌனம் சம்மதமா, கோபமா, அலட்சியமா என்பதை எந்தப் படிவமும் கூறுவதில்லை.

குருகிராம், பெங்களூரு, ஹைதராபாத் நகர்ப்பகுதிகளிலும் வாக்குப்பதிவு குறைவு நீண்டகாலப் பிரச்சினையாக உள்ளது. வாக்குச்சாவடி வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் இது தீர்ந்துவிடாது என்பதை நொய்டாவின் அனுபவம் உணர்த்துகிறது. பட்டியலில் பெயர் சரியாக இருப்பதும், தன் வாக்கால் தன் தெருவில் ஏதேனும் மாறும் என்ற நம்பிக்கை வாக்காளருக்கு இருப்பதும் அதற்கு இணையாக அவசியம்.